கரித்துணி இல்லாத கை

எங்கள் பக்கத்தில் செல்வராசு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நெருப்புக்கை செல்வராசு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். ஒரத்தநாட்டிலிருந்து திருவாரூர் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் இந்தக் கையால் சமைத்துப் போட்டிருக்கிறேன். சமையலை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாத்திரம் கழுவப் போனவன், கழுவிக்கொண்டே பார்த்துக் கற்றுக்கொண்டேன். எழுத்தும் அப்படித்தான், மளிகைச் சீட்டு எழுதி எழுதிப் பழகியது. இதில் இலக்கணம் பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உப்பு பிசகியிருக்காது.

பட்டப்பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் நோயின் கதையும் அதுதான்.

ஒரு நிச்சயதார்த்த வீட்டில் ரசக் குண்டான் பொங்கி வழியப் பார்த்தது. கரித்துணியைத் தேட நேரமில்லை. வெறும் கையால் விளிம்பைப் பிடித்து இறக்கி வைத்துவிட்டேன். பந்திக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். எனக்கே ஆச்சரியம்தான். சுடவில்லை. அன்றிலிருந்து துணி பக்கத்திலேயே கிடந்தாலும் எடுப்பதில்லை. பார்க்க நாலு பேர் இருந்தால் இன்னும் ஒரு கணம் கூடுதலாகப் பிடித்திருப்பேன். "முப்பது வருசமா நெருப்போட குடித்தனம். அது இப்ப நமக்குச் சம்பந்தி" என்று பேச்சு வேறு.

என் மனைவி வசந்தா எங்கள் குழுவில்தான் காய் நறுக்குகிறாள். அவள் மட்டும் ரசிக்கவில்லை.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராதும்பாங்க. நீங்க என்ன பூனைங்க?" என்றாள்.

"நான் புலி" என்றேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் புலியாகவே இருந்தேன்.

அடுத்த ஆவணியில் திருவாரூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. இங்கே எங்கள் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முதல் பந்தி இலையில் விழும் முன்னால் சமைக்கிறவன் எதையும் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் எச்சில். உப்பும் புளியும் மணத்திலேயே தெரிந்துவிடும். சோற்றுக்கு மட்டும் விரல்தான். துடுப்பு நுனியில் ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்க வேண்டும். வெளியே மெத்தென்று கொடுத்து, நட்டநடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கடினம் தட்டுப்பட வேண்டும். அது முக்கால் பதம். அந்த நிமிடம் கஞ்சியை வடித்தால் மிச்ச கால் பதமும் தன் ஆவியிலேயே வெந்துகொள்ளும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஊரெல்லாம் சொல்கிறது. அந்த ஒரு சோறு என் இரண்டு விரலுக்குள் வாழ்ந்தது.

அன்று பருக்கையை நசுக்கினேன். மெத்தும் இல்லை, கடினமும் இல்லை, விரலுக்கு ஒன்றுமே வரவில்லை. வேகவில்லை போலிருக்கிறது என்று விட்டேன். மறுபடி நசுக்கினேன், மறுபடியும் ஒன்றுமில்லை. புகையிலும் ஆவியிலும் கண்ணுக்கும் பிடிபடவில்லை. நான் வடி என்று சொன்னபோது அண்டாவில் சோறு இல்லை, களி இருந்தது.

வசந்தாவின் தம்பி முருகையன் என் கூட்டாளி. அவனுக்கு நாக்கு தராசு முள் மாதிரி, ஆடிக்கொண்டே இருக்கும். பந்தியில் ஒரு கவளத்தை உருட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"மச்சான், பிள்ளைக்குக் காதுதானே குத்துனாங்க? பல்லு இல்லாத பிள்ளைன்னு விருந்தாளிக்கும் சேத்துக் குழைச்சிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது வசந்தா என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தில் ஒரு கொப்புளம் உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்பச் சுட்டுச்சு?"

யோசித்தேன். தெரியவில்லை. சுட்டதே தெரியாதவனுக்கு எப்போது சுட்டது என்று எப்படித் தெரியும்? புலி அங்கேயே படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆளுக்கொரு வைத்தியம். சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், இல்லை. நரம்புக்கு என்று சிவப்பு மாத்திரை, நீவிவிட எண்ணெய். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று ஒருவர் சொல்ல, ஸ்கேன் குழாய்க்குள் போய் அரை மணி நேரம் உலக்கை மாதிரிக் கிடந்தேன். அந்த ஸ்கேனுக்கு வசந்தாவின் தோடு போயிற்று. கழுத்து என் வயதுக்குத் தேய வேண்டிய அளவுதான் தேய்ந்திருந்தது. இத்தனைக்கும் முழங்கைக்கு மேல் ஒரு வெளுத்த படை மூன்று வருடமாக என்னோடு இருந்தது. தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். அதைக் காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, சட்டையைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டது தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரித் தோல் பிரிவு டாக்டரம்மாதான். எங்கள் ஊர் நர்சம்மா கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "வேற எங்கயும் போகாதீங்க, நேரா அங்க போங்க" என்று அனுப்பிவைத்தார்.

காலை எட்டுக்குச் சீட்டு வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். காத்திருக்கும் இடத்தில் மனிதர்கள் சீக்கிரம் சொந்தமாகிவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்த பெண்மணி, "உங்களுக்கு அரிப்பா, சொறியா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்ல, ஒண்ணுமே தெரியல" என்றேன். "குடுத்து வச்சவரு" என்றார் அவர், முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சுத் திரியால் கையில் தொடுவேன், தொட்ட இடத்தை மற்றக் கை விரலால் காட்டுங்கள் என்றார். எனக்கு அது பரீட்சை மாதிரிப் பட்டது. பள்ளிக்கூடத்தில் தோற்றவனுக்குப் பரீட்சை என்றால் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்ற வெறி இருக்கும். அவர் கையை அசைத்தால் வளையல் லேசாகச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை வைத்தே "இங்க", "இங்க" என்று காட்டிக்கொண்டு போனேன்.

சத்தம் நின்றது. நான் அசராமல், "இங்க" என்றேன்.

"ஐயா, கண்ணைத் திறங்க" என்றார். அவர் கை இரண்டும் மடியில் இருந்தன. "நான் கடைசி நாலு தடவை வளையலை மட்டும்தான் ஆட்டுனேன். தொடவே இல்லை."

வசந்தா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். அங்கே ஒரு நரம்பு ஓடுகிறதாம். மெல்லிய கயிறாக இருக்க வேண்டியது எனக்குக் கிணற்றுக்கயிறு மாதிரித் தடித்திருந்தது. அவர் உருட்டியபோது மின்சாரம் அடித்ததுபோல் சுண்டுவிரல் வரை பாய்ந்தது. கையில் மிச்சமிருந்த உணர்ச்சி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். காது மடலில் நூலிழை அளவுக்குக் கீறி, கசிந்ததைக் கண்ணாடியில் தடவி அனுப்பினார்கள். மறுநாள் நோயின் பெயரைச் சொன்னார்கள். தொழுநோய்.

இதை எழுதும்போதும் அந்த வார்த்தைக்கு முன்னால் என் பேனா ஒரு தரம் நின்றது. ஊரில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. நீங்கள் கேட்டிருப்பீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மாவா?

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து எங்கள் பக்கம் போட்டுக்கொண்டார்.

"இது ஒரு கிருமி. ரொம்ப மெதுவா வளரும். நாலஞ்சு வருசம்கூடச் சத்தமில்லாம இருக்கும். தோல்லயும் நரம்புலயும் தங்கும். தொடுறது, சுடுறது, குத்துறது இதெல்லாம் நரம்பு வழியாத்தான் மூளைக்குப் போகுது. நரம்பு வீங்கினா செய்தி போகாது. கை நல்லாத்தான் இருக்கும், ஆனா அடிபட்டாத் தெரியாது. தெரியாததால பாத்துக்க மாட்டோம். விரல் போறது அதனாலதான், கிருமி தின்னு போறதில்லை."

வசந்தா வாய்க்கால் முடிகிற கடைமடைக் கிராமத்தில் பிறந்தவள். கேட்டாள்: "அப்ப வாய்க்கால் தலைப்புல அடைச்சிருக்கு, கடைமடை காயுது. அவ்வளவுதானேங்க டாக்டர்?"

"நான் பாடம் எடுக்கும்போது இதையே சொல்லிக்கிறேன்மா" என்றார் அவர்.

பன்னிரண்டு மாதம் மாத்திரை. அட்டை அட்டையாக, இலவசம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவாது என்றார். வசந்தாவையும் கோயம்புத்தூரில் இருக்கும் மகளையும் ஒரு தரம் பார்த்து, தடுப்புக்கு ஒரு வேளை மருந்து கொடுத்துவிடுவார்களாம். ஆனால் எனக்கு வேறொரு அவசரம் இருந்தது. உடம்பே கிருமியோடு சண்டை போட்டு நரம்பை இன்னும் வீங்கவைத்துக்கொண்டிருந்தது. முழங்கை நரம்போடு மணிக்கட்டு நரம்பும் சேர்ந்துகொண்டது. வீக்கம் புதிது, ஆறு மாதத்துக்குள் அடக்கினால் உணர்ச்சி திரும்ப வாய்ப்பு உண்டு. விட்டால் போனது போனதுதான். உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்.

"திரும்புமா டாக்டர்?"

"எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாதுங்கய்யா. முயற்சி பண்ணலாம்."

பொய் சொல்லாத வாய். அன்று எனக்கு அது கசந்தது.

நான் பயந்தது சாவுக்கு இல்லை. தை மாதக் கடைசியில் நடராசன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்கியிருந்தேன். எங்கள் ஊரில் வெற்றிலை பாக்கு வாங்குவது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். பதம் தெரியாத விரலை வைத்துக்கொண்டு எப்படிச் சமைப்பது? சமைத்தாலும் இந்த நோய்க்காரன் கைச் சோற்றை யார் சாப்பிடுவார்கள்? இந்த இரண்டு கேள்வியும் வார்டில் என்னோடேயே படுத்துக்கொண்டன.

மூன்று வாரம் இருந்தேன். வீக்கத்தை அடக்கும் மாத்திரை பசியைக் கிளப்பிவிட்டது. முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பிக்கொண்டது. கை மடங்காமல் இருக்க ஒரு சிம்பு வைத்துக் கட்டினார்கள். இந்த நோய்க்கான அட்டையிலிருந்த சிவப்பு மாத்திரை சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவந்து போக, நான் அலறிக்கொண்டு ஓடிவர, வார்டு நர்சம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கலர்தான், ரத்தம் இல்ல, போய்ப் படுங்க" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் கோடியக்கரைப் பக்கத்து உப்பளத் தொழிலாளி ஒருவர். அவருக்குப் பாதம் மரத்துப் போயிருந்தது. செருப்புக்குள் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்தது தெரியாமல் ஒரு நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார். "வலி இருக்கே, அது வீட்டுக் காவல் நாய் மாதிரி தம்பி" என்றார். "குரைக்கும்போது சனியன் சனியன்னு திட்டுவோம். அது போனப்புறம்தான் திருடன் வர்றான்." எத்தனையோ பழமொழி சேர்த்துவைத்திருக்கிறேன். இதற்கு ஈடானது இன்னும் கிடைக்கவில்லை.

தினமும் பயிற்சி கொடுக்கும் அம்மா வருவார். தூண்டில் நரம்பு மாதிரி நைலான் இழைகள் வைத்திருந்தார், மெல்லியதிலிருந்து தடித்தது வரை. கண்ணை மூடவைத்து ஒவ்வொன்றாக விரலில் ஊன்றுவார். எந்த இழை தெரிகிறதோ அதுதான் அந்த விரலின் மதிப்பெண். சுண்டுவிரலில் மிகத் தடித்ததும் தெரியவில்லை. கட்டைவிரலில் தடித்தது மட்டும் எங்கோ கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரித் தெரிந்தது. இந்தத் தடவை நான் ஏமாற்றவில்லை. அவர் வளையலும் போடவில்லை.

ஐந்தாம் நாள் வசந்தா ஊருக்குப் போய்விட்டு மதிய பஸ்ஸில் திரும்பினாள், கையில் நாலு அடுக்குத் தூக்கோடு. குழம்பு வாசனை வரவில்லை. திறந்து காட்டினாள். நாலு அடுக்கிலும் வெறும் சோறு.

"என்னடி இது?"

"மேல் அடுக்கு கால் பதம். அடுத்தது அரை. அடுத்தது முக்கா. அடியில இருக்குறது அன்னைக்குத் திருவாரூர்ல நீங்க வடிச்சது. கண்ணை மூடுங்க."

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் ஒரே பஞ்சாக இருந்தது. மறுநாளும் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும். ஒரத்தநாட்டுப் பஸ் கண்டக்டர், "அக்கா, ஆஸ்பத்திரியில யாருக்குப் பிண்டம் வைக்கிறீங்க?" என்று கேட்டாராம். "உசிரும் வாயும் இருக்குறவங்களுக்குப் பிண்டம் வைக்கிறதில்ல, பேசாம டிக்கெட்டக் குடுங்க" என்றாளாம். வாய் அவர்கள் குடும்பச் சொத்து.

பயிற்சி அம்மா முதலில், ஈரச் சோறு புண்ணில் படக் கூடாது என்று தடுத்தார். புண் ஆறியதும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து அடுக்குகளை மாற்றி மாற்றி வைக்கத் தொடங்கினார். "எந்த விரல்ல பிடிக்கணும்னு இவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை" என்றார். பதினாறாம் நாள் ஒரு பருக்கையை நசுக்கினேன். ஏதோ ஒன்று விரலுக்கு எதிர்த்து நின்றது. மணல் என்று சொல்ல முடியாது, மணலின் நினைவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"கால் பதம்" என்றேன்.

பயிற்சி அம்மா, "சரி. அடுத்தது" என்றார். அடுத்தது தப்பு. பரவாயில்லை. நாலில் ஒன்று தேறியவன் அன்று வார்டு முழுக்க நடந்துபோய் எல்லாரிடமும் சொன்னேன்.

முருகையன் பத்து நாள் வரைக்கும் எட்டிப்பார்க்கவில்லை. பதினோராம் நாள் வந்து வாசற்படியில் நின்றான். சாத்துக்குடிப் பையை நிலையில் தொங்கவிட்டான்.

"உள்ள வா மாப்ள. கடிக்க மாட்டேன்."

வந்தான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மறைக்க என்ன இருக்கு மச்சான். பயந்துட்டேன். ஒரு வாரம் என் உடம்பை நானே கண்ணாடியில பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் கீழ போய் டாக்டரம்மாக்கிட்டக் காட்டுனேன். ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. வாயில மட்டும்தான் கொஞ்சம் மரப்பு இருக்காம்."

"அது பிறவி நோய். மருந்து கிடையாது" என்றேன். என் தட்டில் மிச்சமிருந்த இட்லியை எடுத்துச் சாப்பிட்டான். மன்னிப்பு அவ்வளவுதான். அவனிடம் அதுவே அதிகம்.

போகும்போது குரலை இறக்கினான். "ஊர்ல நரம்புத் தளர்ச்சின்னு சொல்லிவச்சிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க. இந்தப் பேரைச் சொன்னா நம்ம அடுப்புல பூனை படுத்துரும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களை நம்பிப் பதினோரு குடும்பம் இருக்கிறது. இரண்டு நாள் யோசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சமையல்காரனுக்குத் தெரியும், நறுக்கி நறுக்கி மறைத்துவிடலாம். மறைக்க முடியாததால் நான் அதைக் கைவிடவில்லை. முதல் இலை விழும்வரை ஒரு பருக்கையை வாயில் வைக்காதவன் நான். எச்சில் சோறு போடக் கூடாது என்று இருந்தவன், ஒளித்த சோறு போடுவதா?

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நடராசன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஐந்து ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் குத்தகை என்று விவசாயம் செய்கிறவர். அளந்துதான் பேசுவார். வெற்றிலை பாக்கையும் முன்பணத்தையும் தட்டில் வைத்து முன்னால் தள்ளினேன். நோயின் பெயரைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கடிதத்தையும் வைத்தேன்.

அவர் கடிதத்தைப் படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார்.

"எத்தனை வருசமா இருந்திருக்கும்னாங்க?"

"அஞ்சு வருசம் இருக்கலாம்ணே."

"அஞ்சு வருசத்துல எங்க வீட்டுல வளைகாப்பு, எங்கம்மா காரியம், ரெண்டு காதுகுத்து. எல்லாம் உன் கைதான்."

"ஆமாண்ணே."

உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அண்ணி ஏற்கெனவே கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். "கேட்டியா? என்ன சொல்ற?"

அண்ணி வந்து என் கையைப் பார்த்தார். "தின்னு நாலு வருசம் ஆன சோத்துக்கு இப்ப ஏன் விசாரணை?" என்றார். "சம்பந்தி வீட்டுல கேப்பாங்க."

"கேக்கட்டும். நானே சொல்லிக்கிறேன்" என்றார் அண்ணன். பிறகு என்னிடம் திரும்பினார். "எனக்கு நோயப் பத்திக் கவலை இல்லப்பா. அதுக்கு டாக்டர் இருக்காங்க. கல்யாணத்துக்கு எங்க வயல் அரிசிதான், இந்தத் தையில அறுக்குறது. புது அரிசி கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள குழைஞ்சிரும். கை எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"முக்காப் பதம்ணே."

தட்டை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப வடிச்சிரலாம். மீதி தன்னால வெந்துரும்."

எல்லோரும் நடராசன் அண்ணன் இல்லை. அதையும் எழுத வேண்டும். இரண்டு வீடுகள் வெற்றிலை பாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டன. ஒரு வீட்டில் தட்டைக்கூடத் தொடாமல் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வைத்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காலை பத்து மணி. மூன்று அண்டாவில் உலை கொதித்தது. புது அரிசி என்பதால் தண்ணீரைக் குறைத்து, தீயையும் இழுத்து வைத்திருந்தேன். நான் சொல்லாமலே முருகையன் வடிதட்டோடு நின்றான். அவன் வாய் மூடியிருந்ததிலிருந்தே அவன் பயம் தெரிந்தது. வசந்தா கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நறுக்காமல் பார்த்தாள்.

முதல் பருக்கை. மெத்து, நடுவில் நல்ல கடினம். பொறு என்றேன். இரண்டாவது. கடினம் சிறுத்திருந்தது. மூன்றாவதை நசுக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டேன், தூக்குச் சோற்றில் பழகிய பழக்கம். வெளியே வெண்ணெய். உள்ளே, ஊசிமுனை.

"வடி."

இலையில் அது ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நாலு இலை உட்கார ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது. மற்ற இலைகளில் இரண்டாம் தரம் சோறு கேட்டார்கள். நான் நாலையும் எண்ணினேன், மற்றதையும் எண்ணினேன். முருகையன் கவளத்தை உருட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பரவால்ல மச்சான், இன்னைக்குப் பல்லுக்கு வேலை குடுத்திருக்கீங்க" என்றான்.

பந்தி பாதியில் இருக்கும்போதுதான் அது நடந்தது. பாத்திரம் கழுவ அன்று புதிதாக வந்திருந்த பாக்கியம் என்ற பெண், கொதிக்கும் சாம்பார்க் குண்டானின் மூடியை வெறும் கையால் தூக்கி நிதானமாகக் கீழே வைத்தாள். சுற்றி நின்றவர்கள் "அடேங்கப்பா" என்றார்கள்.

"எனக்கெல்லாம் சூடு தெரியாது மாஸ்டர். பழகிருச்சு" என்றாள், ஒரு பெருமைச் சிரிப்போடு.

என் சிரிப்பு. என் வார்த்தை. அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

"கண்ணை மூடு தாயி."

"என்ன மாஸ்டர், ஆரூடமா?"

"மூடு."

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, அதன் மெல்லிய நுனியால் அவள் சுண்டுவிரல் ஓரத்தில் தொட்டேன். என் கையில் வளையலும் இல்லை, சத்தமும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, கூசுது மாஸ்டர். விடுங்க."

உள்ளங்கையில், விரல் நுனிகளில், முழங்கைக்கு மேலே என்று பத்து இடத்தில் தொட்டேன். பத்துக்கும் கூசியது. அவளுடையது காய்ப்பு. உழைத்துத் தடித்த தோல், அடியில் நரம்பு விழித்துக்கொண்டிருந்தது. என் விரலால் தடவியே காய்ப்பு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று எழுதுகிறேன், கவனியுங்கள். திருவாரூர்க் காதுகுத்தில் அந்த வார்த்தை என்னிடம் இல்லை.

மாத்திரை பன்னிரண்டு மாதமும் முடிந்துவிட்டது. சுண்டுவிரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. அதைத் தினமும் காலையில் கண்ணால் பார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவுகிறேன். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை, நெருப்புக்கைதான். எந்தப் பந்திக்குப் போனாலும் வேலை தொடங்கும் முன் எல்லார் கையையும் ஈர்க்கால் ஒரு சுற்றுத் தொட்டுப் பார்க்கிறேன். முருகையன் இதற்குக் கூச்சப் பரீட்சை என்று பெயர் வைத்திருக்கிறான். அவனுக்குத்தான் அதிகம் கூசுகிறது.

அன்று பாக்கியம் கையை உதறிக்கொண்டு மறுபடி குண்டான் பக்கம் போனாள். என் தோளில் கிடந்த கரித்துணியை எடுத்து அவள்மேல் வீசினேன்.

"சூடு தெரியுதுல்ல? அப்ப துணி வச்சுப் பிடி."

அவள் பிடித்தாள். நான் இடுப்பிலிருந்து இன்னொன்றை உருவிக்கொண்டேன்.